டி.எஸ்.எல்.ஆரா, தண்ணீர் புகாத சின்னக் கேமராவா? முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

போனில் எடுத்தது போதும், இனி ஒரு நல்ல கேமரா வாங்கிவிடலாம் என்று பணமும் சேர்த்தாயிற்று. கடைக்காரர் கேனான் 1500டி என்ற டி.எஸ்.எல்.ஆரை, அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவை, எடுத்து மேசைமேல் வைக்கிறார். அந்தமான் போய்வந்த நண்பரோ, "அதெல்லாம் எதுக்கு? ஒலிம்பஸ் டஃப் வாங்கு, கடலுக்குள்ளயே முங்கி எடுக்கலாம்" என்கிறார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைத் தட்டில் இருப்பதால்தான் இத்தனை குழப்பம். 1500டி 2018-இல் கிட் லென்ஸோடு (பெட்டியோடு சேர்ந்து வரும் லென்ஸ்) அமெரிக்காவில் அறிமுகமானபோது அறிவித்த விலை 550 டாலர். ஒலிம்பஸின் கேமரா தொழில் 2021-இல் தனியாகப் பிரிந்து, ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் 2023-இல் டிஜி-7 என்ற டஃப் கேமராவைக் கொண்டுவந்தது. அதற்கும் அதே 550 டாலர்தான்.

ஆனால் இந்த இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. புதிதாகப் படமெடுக்க வருகிறவர்களோடு பல ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் கடற்கரைக்கும் குளக்கரைக்கும் போய்வருகிறேன். வாங்கி ஆறு மாதத்தில் அலமாரிக்குள் போய்விட்ட கேமராக்களை நிறையவே பார்த்துவிட்டேன். எல்லாம் நல்ல கேமராக்கள். வாங்கியவர்கள் போகும் இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்த வழிகாட்டி மெகாபிக்சலில் தொடங்காது.

முதல் வேலை: எடுக்காமல் விட்ட படங்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போன ஒரு வருடத்தில், எடுக்க ஆசைப்பட்டும் எடுக்க முடியாமல் போன படங்கள், எடுத்தும் சொதப்பிய படங்கள் என்று பத்தை நினைவிலிருந்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் வரவில்லை என்பதை ஒரே சொல்லில் குறியுங்கள்: தண்ணீர், மணல், இருட்டு, தூரம், வேகம், நெருக்கம். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். கடையில் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் இருக்கும்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குற்றாலத்துக்கு வருடம் தவறாமல் போகும் ஒரு அண்ணன், தண்ணீர் புகாத கேமராதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். தாளில் எழுதச் சொன்னேன். பத்தில் ஏழு, மகளின் நாட்டிய நிகழ்ச்சிகள்: மங்கலான மண்டப விளக்கு, நகரும் கைகள், எல்லாம் கலங்கிப்போன படங்கள். குற்றாலம் ஒரே ஒரு வரி. அவருக்குத் தேவைப்பட்டது டி.எஸ்.எல்.ஆர். கடலோரப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியைக்கு நேர்மாறாக நடந்தது. டி.எஸ்.எல்.ஆர். வாங்கிப் பழக வேண்டும் என்று வந்தார். அவர் எழுதியதெல்லாம் பாறைக் குழியில் தங்கிய தண்ணீருக்குள் இருக்கும் நண்டு, கடற்பாசி, கைப்பிடி மணலில் கிடக்கும் சிப்பி, பிள்ளைகளின் ஈரக் கைகள். அவர் டிஜி-7-க்கு முந்தைய டிஜி-6 வாங்கினார். இன்றும் வாரம் ஒருமுறையாவது அது வெளியே வருகிறது.

உங்கள் தாளில் இருட்டும் வேகமும் அதிகமா, தண்ணீரும் மணலும் அதிகமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரம், நெருக்கம் என்ற இரண்டு சொற்களும் ஏமாற்றக்கூடியவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீரை வெளியே நிறுத்த என்ன விலை கொடுக்கிறோம்

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம், ஜூம் செய்தால் லென்ஸ் நீளும். ஒவ்வொரு இணைப்பும் தண்ணீருக்கு ஒரு வாசல். டஃப் கேமராவில் லென்ஸ் வெளியே நீளவே நீளாது. ஜூம் முழுவதும் உடம்புக்குள்ளேயே நடந்துவிடும். அப்படி உள்ளே அடங்க வேண்டுமென்றால் லென்ஸ் சிறியதாக இருக்க வேண்டும், லென்ஸ் சிறுத்தால் சென்சாரும் சிறுக்க வேண்டும்.

எவ்வளவு சிறியது? 1500டி-யின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. டிஜி-6, டிஜி-7 இரண்டிலும் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. பரப்பில் சுமார் 12 மடங்கு வித்தியாசம். வெளிச்சத்தைப் பிடிக்கும் பாத்திரம் என்று சென்சாரை நினைத்துக்கொண்டால், ஒன்று அண்டா, இன்னொன்று செம்பு. நடுப்பகல் வெயிலில் இரண்டும் நிரம்பிவிடும். கல்யாண மண்டபத்திலும் கோயில் பிரகாரத்திலும் செம்பில் வந்து விழுவது சில துளிகள்தான். படத்தில் அது புள்ளி புள்ளியான இரைச்சலாகத் தெரியும்.

ஆனால் கடையில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த 12 மடங்கு முழுதாக உங்கள் கைக்கு வராது. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைச் சொல்வது எஃப் எண்; எண் சிறியதானால் திறப்பு பெரிது. டிஜி லென்ஸ் அகலக் கோணத்தில் (ஜூம் செய்யாதபோது) எஃப் 2.0 வரை திறக்கிறது. டி.எஸ்.எல்.ஆரோடு வரும் 18-55 கிட் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். எஃப் 2.0 அதைப்போல் மூன்று மடங்கு வெளிச்சத்தை விடும். ஆகவே 12 மடங்கு அனுகூலம் 4 மடங்காகக் குறைந்துவிடுகிறது. டி.எஸ்.எல்.ஆர். வாங்கிய பலர் "போனைவிடப் பெரிதாக ஒன்றும் வித்தியாசம் தெரியலையே" என்று வருந்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். உடம்பின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விலையோடு பார்த்தால் சிறிய தொகைதான். கிட் லென்ஸ் 50 மி.மீ. அளவில் எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும். அதே இடத்தில் இது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் கொடுக்கும். பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாக நிற்கும் படங்கள் இந்த லென்ஸில்தான் வரும். இருட்டுக்காக டி.எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர் இந்த லென்ஸையும் அதே பட்ஜெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் உடம்பைப் பழையதாக வாங்குங்கள், லென்ஸை விட்டுவிடாதீர்கள்.

பழைய நிக்கான் டி3500 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப் 1.8டி என்ற பழைய வகையை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா பாருங்கள்.

தூரம்: பலரும் ஏமாறும் இடம்

பெரிய கேமரா என்றால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூட இழுப்பும் கூடும். கேனானின் கிட் லென்ஸ் 55 மி.மீ. வரை போகும்; வெவ்வேறு சென்சார்களை ஒப்பிடும் பொது அளவுகோலுக்கு மாற்ற, அந்தச் சென்சாருக்கு 1.6-ஆல் பெருக்கினால் 88 மி.மீ. டிஜி-யின் ஜூம் அதே அளவுகோலில் 100 மி.மீ. அதாவது, பெட்டியோடு வரும் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் டி.எஸ்.எல்.ஆரைவிடச் சின்னக் கேமராதான் கொஞ்சம் அதிகம் இழுக்கும்!

வேடந்தாங்கலுக்கு மார்கழியில் போய், ஏரிக்கரையில் நின்றுகொண்டு, கிட் லென்ஸில் கூழைக்கடாவை எடுக்கப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். மரம் வரும், மரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரும். பறவை வேண்டுமென்றால் 55-250 போன்ற இரண்டாவது லென்ஸ் வேண்டும். அது 400 மி.மீ.க்குச் சமமான இழுப்பைக் கொடுக்கும். டி.எஸ்.எல்.ஆரின் பலம் அதுதான்: பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். டஃப் கேமராவில் சேர்க்க வழியில்லை. உங்கள் தாளில் தூரம் என்ற சொல் நான்கு தடவைக்கு மேல் வந்திருந்தால், இரண்டு லென்ஸ் சேர்ந்த கிட்டின் விலையைக் கேளுங்கள்.

நெருக்கத்தில் கதை தலைகீழ். டிஜி வரிசையின் மைக்ரோஸ்கோப் முறையில் லென்ஸுக்கு 1 செ.மீ. தொலைவில் இருப்பதைக்கூட எடுக்கலாம். கிட் லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து குறைந்தது 25 செ.மீ. வேண்டும். சென்சார் சிறியது என்பதே இங்கே உதவியாகிறது: எறும்பின் தலையும் காலும் ஒரே படத்தில் தெளிவாக விழும். பூச்சி, பூ, பாசி, நாணயம் என்று போகிற ஆசை உங்களுக்கு இருந்தால், கரையிலும் இந்தக் கேமரா ஈடுகொடுக்கும். டி.எஸ்.எல்.ஆரில் இதே அளவுக்கு வர தனி மேக்ரோ லென்ஸும், நிறையப் பொறுமையும் வேண்டும்.

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்

பெட்டியில் 15 மீட்டர் என்று போட்டிருக்கும். அது அசையாத நல்ல தண்ணீரில், பேட்டரி, கார்டு பகுதியின் மூடிகள் சுத்தமாக இருக்கும் புதுக் கேமராவுக்குச் செய்த சோதனை. நீங்கள் போகப்போகும் தண்ணீர் எது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

மழை, சாரல், நீச்சல் குளம், ஆற்றுக் குளியல், படகு: டஃப் கேமரா தாராளமாகப் போதும். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் நம்பிக் கொடுக்கலாம்.

அருவி: சாரலில் நின்று எடுங்கள். மெயின் அருவிக்கு அடியில் தலையோடு கேமராவையும் நீட்டாதீர்கள். விழும் நீரின் வேகம் மூடியின்மேல் திடீர் அழுத்தத்தைக் கொடுக்கும். அருவி, காட்டாற்று வேகம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லிக் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கேமராவைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் குதிப்பதும் அப்படித்தான். வெந்நீர் ஊற்றும் கூடாது.

ஸ்கூபா: இங்கே எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தமானிலோ புதுச்சேரியிலோ பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அறிமுக டைவ், பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி 12 மீட்டரைத் தாண்டாது. டிஜி-க்கு அது எல்லைக்குள். ஆனால் ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டால் 18 மீட்டர் வரை போகலாம். கேமராவின் எல்லையோ 15. அந்த மூன்று மீட்டரில் கேமராவை இழந்தவர்கள் உண்டு. தொடர்ந்து டைவ் செய்யப்போகிறவர் கேமராவை உள்ளே வைத்து மூடும், 45 மீட்டர் தாங்கும் தனிக் கூட்டின் விலையையும் முதலிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடியில் போனபிறகு நிறம் மாறும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் போவதற்குள்ளேயே எல்லாம் நீலப்பச்சையாகத் தெரியத் தொடங்கும். மெனுவில் நிறத்தைச் சரிசெய்யக் கடலடி வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) என்று தனி அமைப்பு இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், நெருங்கிப் போவது. நம் கடலோரத்தில் தண்ணீர் பெரும்பாலான நாட்களில் கலங்கலாகத்தான் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் எந்தக் கேமராவிலும் புகைமூட்டம்தான் வரும். நெருங்குவதற்காகப் பவளப்பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், தயவுசெய்து. உயிருள்ள பொருள் அது. கைபட்ட இடம் செத்துப்போகலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

இன்னொன்று: டிஜி மிதக்காது. கை நழுவினால் நேராக அடிக்குப் போய்விடும். மிதக்கும் கைப்பட்டை ஒன்றைக் கேமராவோடு சேர்த்தே வாங்குங்கள். கண்ணில் அடிக்கும் ஆரஞ்சு நிறமாக இருக்கட்டும்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கிறவர் மழையில் என்ன செய்வது? தொடக்கநிலை கேனான், நிக்கான் உடம்புகளில் மழைக்கான அடைப்பு கிடையாது. லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையும் ஒரு ரப்பர் பேண்டும் தூறலுக்குப் போதும். 2022-இல் வந்த பென்டாக்ஸ் கேஎஃப் அடைப்புள்ள டி.எஸ்.எல்.ஆர்., அதற்கென்றே டபிள்யூ.ஆர். என்று குறித்த, மழை தாங்கும் லென்ஸ்களும் உண்டு. அதுவும் மழைக்குத்தான், முங்குவதற்கு அல்ல.

போன் இருக்கும்போது டஃப் எதற்கு?

நேர்மையாகச் சொல்லவேண்டிய இடம் இது. தண்ணீர் இல்லாத இடத்தில், பகல் வெளிச்சத்தில், நல்ல போன் ஒன்றைவிட டஃப் கேமரா சிறந்த படம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்சார் அளவில் இன்றைய போன்கள் பல அதைத் தாண்டிவிட்டன. டஃப் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் பயமில்லாமல் கொண்டுபோகும் உரிமைக்கான பணம்.

"என் போனும் ஐ.பி.68 தானே" என்பார்கள். போனுக்குச் சொல்லும் அந்தத் தண்ணீர்த் தடுப்பு அளவு பொதுவாக ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம். உப்புத் தண்ணீருக்கு அந்த உறுதி பொருந்தாது. ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலையும் செய்யாது. தண்ணீருக்குள் அழுத்துவதற்கு உண்மையான பொத்தான் வேண்டும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கடல் பயணம் மட்டும்தான் என்றால் வாங்கவே வேண்டாம். டைவிங் சொல்லித்தரும் இடத்திலேயே கேமரா வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். மிச்சப்படும் பணத்தில் டி.எஸ்.எல்.ஆரும் அந்த 50 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள்.

கையில் தூக்கிப் பார்க்கும்போது எடையையும் கணக்கில் வையுங்கள். 1500டி கிட் லென்ஸோடு 675 கிராம் அளவில் இருக்கும், டிஜி-7 249 கிராம். கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். மறுபக்கம், உச்சி வெயிலில் கடற்கரையில் டிஜி-யின் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் அதில் இல்லை. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி வழியாக நேரே காட்சியைப் பார்க்கிறோம்; திரைக்கு மின்சாரம் செலவாவதில்லை. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படங்கள் தருவதும் டிஜி-6 ஏறக்குறைய 340-இல் நின்றுவிடுவதும் பெருமளவு இதனால்தான்.

வாங்கியபின் பார்த்துக்கொள்ளும் வேலை

இதை யாரும் வாங்குமுன் யோசிப்பதில்லை. இரண்டுக்கும் நம் ஊர்க் காற்று எதிரி, ஆனால் வெவ்வேறு விதத்தில்.

டி.எஸ்.எல்.ஆருக்கு ஆபத்து ஈரப்பதத்தால் வரும் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைத் துணிப்பைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால், தையில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரியும். காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவுதான் தேவை. மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

டஃப் கேமராவுக்கு உயிர் அதன் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில். என் கண்முன்னே ஒரு கேமரா வீணானதைச் சொல்கிறேன். படகில் வைத்து ஈரக் கையோடு மெமரி கார்டு மாற்றினார் நண்பர். மூடி டக்கென்று மூடியது, பூட்டும் விழுந்தது. அடுத்த முங்கலில் திரை இருண்டுவிட்டது. கரைக்கு வந்து திறந்தபோது வளையத்தின்மேல் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. வாரண்டி அதற்குப் பொருந்தவில்லை. அதன் பிறகு நாங்கள் பின்பற்றுவது: பேட்டரி, கார்டு மாற்றுவதெல்லாம் புறப்படுமுன் அறையில், முடிந்தால் ஏசி ஓடும் அறையில். உலர்ந்த காற்று உள்ளே அடைபட்டால் குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடி உள்பக்கம் பனிக்காது. மூடுமுன் வளையத்தை நூல் விடாத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். கடலிலிருந்து வந்தவுடன், உப்பு காய்வதற்குள், வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போடுவோம். காய்ந்த உப்பு மணல் மாதிரி வளையத்தை அறுத்துவிடும். சோப்பும் ஸ்பிரிட்டும் வளையத்தின் பக்கமே வரக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை வளையங்களை மாற்றச் சொல்கிறார்கள். அதைச் செய்து தரும் சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் டஃப் வாங்கும் முடிவை நான் மறுபடி யோசிப்பேன்.

பழையது வாங்கலாமா?

டி.எஸ்.எல்.ஆர். என்றால் தாராளமாக. நிக்கான் டி3500-இன் உற்பத்தி 2022-க்குள் நின்றுவிட்டது; கேனானும் புதிய தொடக்கநிலைக் கேமராக்களைக் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் வகையிலேயே கொண்டுவருகிறது, 2023-இல் வந்த ஆர்100 போல. சென்சார் அளவு அதேதான் என்பதால் சென்சார் பற்றி இங்கே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். மாறிப் போகிறவர்கள் விற்கும் நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் சந்தையில் நிறைய. ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை) கேளுங்கள், லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து பூஞ்சை இருக்கிறதா பாருங்கள்.

பழைய டஃப் கேமராவைத் தண்ணீருக்காக வாங்காதீர்கள். எத்தனை தடவை கீழே விழுந்தது, எந்த உப்பில் காய்ந்தது என்று வெளியே தெரியாது.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று

டி.எஸ்.எல்.ஆர். என்றால், எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி. அன்றே கடையில் காட்டுங்கள். டஃப் என்றால், பயணத்துக்கு முதல் நாள்வரை காத்திருக்காமல் அன்றே மூடிகளைப் பூட்டி வாளித் தண்ணீரில் முக்கி, கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். மூடி ஓரத்திலிருந்து குமிழி தொடர்ந்து வருகிறதா பாருங்கள். எடுத்து, வெளியே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறங்கள். உள்ளே ஒரு துளி ஈரம் பட்டாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.